666 யார்? பத்மு தீவின் புதிரும் போலித் தீர்க்கதரிசிகளும்

(தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உலகம் அழியப் போகிறது என்ற செய்தி நமக்குப் புதிதல்ல. 1999ஆம் ஆண்டு முடியும்போது, கணினிகள் நின்றுபோய் உலகமே முடங்கிவிடும் என்றார்கள். 2012 டிசம்பர் 21ஆம் தேதி மாயன் நாட்காட்டியோடு உலகமும் முடியும் என்றார்கள். 2021இல் கொரோனா தடுப்பூசி வந்தபோது, அதுதான் '666' முத்திரை என்ற வதந்தி கைத்தொலைபேசிகளில் சுற்றியது. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, கடைப் பொருள்களின் மேல் இருக்கும் கறுப்புக் கோடுகளுக்குள் 666 ஒளிந்திருக்கிறது என்று சொன்னவர்களும் உண்டு.

இந்த 666 எங்கிருந்து வந்தது? விவிலியத்தின் கடைசி நூலில் இருந்து. கத்தோலிக்கர்கள் அதைத் 'திருவெளிப்பாடு' என்பார்கள். மற்றத் திருச்சபைகளில் 'வெளிப்படுத்தின விசேஷம்' என்பார்கள். 22 அதிகாரங்கள் கொண்ட நூல். ஏழு தலையுள்ள மிருகம், வானத்தில் இருந்து விழும் நட்சத்திரங்கள், நான்கு குதிரைகள் என்று படிப்பவரை மிரள வைக்கும் காட்சிகள் நிறைந்தது. போலித் தீர்க்கதரிசி ஒருவனும் அதில் வருகிறான்.

நாம் எந்தச் சமயத்தைச் சேர்ந்தவராக இருந்தாலும், இந்த நூலின் வரலாற்றைத் தெரிந்துகொள்வது நல்லது. காரணம், இதைக் காட்டிப் பயமுறுத்தியவர்களை நம்பி, நிலத்தையும் வேலையையும் இழந்த மனிதர்கள் 1,800 ஆண்டுகளுக்கு முன்பும் இருந்தார்கள். நம் காலத்திலும் இருக்கிறார்கள்.

யார் எழுதியது? யாருக்கு எழுதியது?

எழுதியவர் தம் பெயர் யோவான் என்கிறார். ஏஜியன் கடலில் உள்ள பத்மு என்ற சிறிய தீவில் இருந்தபோது இந்தக் காட்சிகளைக் கண்டதாகச் சொல்கிறார். இன்று அது கிரேக்க நாட்டைச் சேர்ந்த தீவு. ரோமாபுரியை டொமிஷியன் ஆண்ட காலத்தின் இறுதியில், அதாவது கி.பி. 95ஆம் ஆண்டு வாக்கில் இது எழுதப்பட்டது என்பது ஆய்வாளர்களில் பெரும்பாலோரின் கணிப்பு. நீரோ மன்னன் இறந்த 68ஆம் ஆண்டை ஒட்டியே எழுதப்பட்டிருக்கும் என்று கருதுவோரும் உண்டு.

யாருக்கு எழுதினார் என்பதில் ஐயமே இல்லை. நூலின் தொடக்கத்திலேயே முகவரி இருக்கிறது. எபேசு, சிமிர்னா, பெர்கமு, தியத்தீரா, சர்தை, பிலதெல்பியா, லவோதிக்கேயா என்ற ஏழு ஊர்களின் சபைகள். ஏழும் இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் உள்ளவை. சிமிர்னாதான் இன்றைய இஸ்மிர் மாநகரம். எபேசில் இறங்கி, வடக்கே போய், உள்நாட்டுப் பக்கம் திரும்பினால், கடிதம் கொண்டு போகும் ஒருவர் அந்த ஊர்களை இதே வரிசையில் சுற்றி வந்துவிடலாம்.

ஆகவே இது முதலில் ஒரு கடிதம். ஒரு கடிதத்தை எழுதுபவர், அதைப் பெறுபவருக்குப் புரியும்படிதானே எழுதுவார்? 1,900 ஆண்டுகள் கழித்து வரப்போகும் தடுப்பூசியைப் பற்றி எழுதியிருந்தால், சிமிர்னாவில் இருந்த அந்த எளிய மனிதர்களுக்கு என்ன பயன்?

புதிருக்குச் சாவி எது?

இந்த வகை எழுத்து யோவான் கண்டுபிடித்தது அல்ல. யூதர்களிடம் ஏற்கெனவே இருந்த மரபு. கி.மு. 167 வாக்கில் அந்தியோகஸ் என்ற கிரேக்க மன்னன் எருசலேம் ஆலயத்தின் புனிதத்தைக் கெடுத்து, யூத வழிபாட்டைத் தடை செய்தான். அந்தக் காலத்தில் இன்றைய வடிவம் பெற்ற தானியேல் நூலில், பேரரசுகள் மிருகங்களாக வருகின்றன. ஆளும் வல்லரசை நேரடியாகப் பெயர் சொல்லாமல், மிருகமாகவும் கொம்பாகவும் வரைந்து காட்டுவது அந்த மரபின் வழக்கம்.

யோவானின் நூலில் 'பாபிலோன்' என்ற நகரம் வருகிறது. யோவான் வாழ்ந்த காலத்தில் பாபிலோன் ஒரு வல்லரசே இல்லை. ஆனால் கி.மு. 6ஆம் நூற்றாண்டில் எருசலேம் ஆலயத்தை இடித்தது பாபிலோன். கி.பி. 70இல் மீண்டும் கட்டப்பட்டிருந்த ஆலயத்தை இடித்தது ரோமாபுரி. இரண்டும் ஒரே குற்றத்தைச் செய்ததால், யூதர்களும் கிறிஸ்தவர்களும் ரோமாபுரியைப் பாபிலோன் என்றே குறிப்பிட்டார்கள். ஏழு தலைகள் ஏழு மலைகள் என்று 17ஆம் அதிகாரமே விளக்கம் தருகிறது. ஏழு குன்றுகளின் நகரம் ரோமாபுரி என்பது அன்று ஊரறிந்த செய்தி. 71ஆம் ஆண்டு வெஸ்பாசியன் மன்னன் வெளியிட்ட நாணயம் ஒன்றில், ரோமா தேவி ஏழு குன்றுகளின் மேல் அமர்ந்திருக்கும் உருவமே பொறிக்கப்பட்டுள்ளது.

இனி 666க்கு வருவோம். எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் எண்களுக்குத் தனிக் குறி கிடையாது. எழுத்துகளையே எண்களாகப் பயன்படுத்தினார்கள். தமிழர்களுக்கு இது விளங்காத விஷயம் அல்ல. நம் பழைய எண்களில் 'அ' போல எழுதினால் எட்டு. 'உ' போல எழுதினால் இரண்டு. எட்டும் இரண்டும் அறியாதவன் என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் இருக்கிறதே!

எழுத்து எண்ணாக இருந்தால், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கூட்டுத்தொகை உண்டு. அன்றைய மக்கள் அதை ஒரு விளையாட்டாகவே ஆடினார்கள். கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பே நகரத்தில், யாரோ ஒருவன் தன் காதலியின் எண் 545 என்று சுவரில் கிறுக்கி வைத்திருக்கிறான். பெயர் தெரிந்தவருக்கு எண் புரியும். தெரியாதவர் விழிக்க வேண்டியதுதான்.

'நேரோன் கைசர்', அதாவது நீரோ பேரரசன், என்ற பெயரை எபிரேய எழுத்தில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். 50, 200, 6, 50. பிறகு 100, 60, 200. மொத்தம் 666. பெயரின் இறுதியில் வரும் 'ன்' இல்லாமல் 'நேரோ' என்று லத்தீன் முறையில் எழுதினால் 50 குறையும், 616 வரும். வியப்பு என்னவென்றால், சில பழைய படிகளில் 666 என்ற இடத்தில் 616 என்றே இருக்கிறது. எகிப்தின் ஒக்சிரிங்கஸ் என்ற இடத்தின் குப்பை மேடுகளில் கிடைத்து, 1999இல் பதிப்பிக்கப்பட்ட பாப்பிரஸ் துண்டு ஒன்றிலும் 616தான் உள்ளது. இரண்டு எண்ணுக்கும் பொருந்தும் ஒரே ஆளாக நீரோ நிற்பதால்தான், ஆய்வாளர்கள் பலரும் அவனையே சுட்டுகிறார்கள்.

நீரோ 68இலேயே இறந்துவிட்டானே என்று நீங்கள் கேட்கலாம். அவன் சாகவில்லை, திரும்பி வருவான் என்ற வதந்தி அப்போது பலமாக இருந்தது. நான்தான் நீரோ என்று சொல்லிக் கிளம்பிய போலிகளும் உண்டு. 69இல் ஒருவன், 80 வாக்கில் ஒருவன், 88 வாக்கில் இன்னொருவன். கொடுங்கோலன் ஒருவன் போனாலும் அவனைப் போல இன்னொருவன் வருவான் என்ற அச்சம் மக்கள் மனத்தில் இருந்தது. யோவான் அந்த அச்சத்தைத்தான் படமாக வரைந்தார்.

இரண்டாவது மிருகம்

13ஆம் அதிகாரத்தில் இரண்டு மிருகங்கள் வருகின்றன. ஒன்று கடலில் இருந்து வருகிறது; அது ஆளும் வல்லரசு. மற்றொன்று தரையில் இருந்து வருகிறது. அதற்கு ஆட்டுக்குட்டியைப் போல இரண்டு கொம்புகள். ஆனால் பேச்சு மட்டும் கொடிய நாகத்தின் பேச்சு. முதல் மிருகத்தின் சிலையை மக்கள் வணங்க வேண்டும் என்று அற்புதங்கள் காட்டி வற்புறுத்துவது இதன் வேலை. பின்னால் வரும் அதிகாரங்களில் இதற்குத்தான் 'போலித் தீர்க்கதரிசி' என்று பெயர்.

அந்த ஏழு ஊர் மக்களுக்கு இது கற்பனை அல்ல. கண்ணெதிரே இருந்த காட்சி. பெர்கமுவில் கி.மு. 29இலேயே அகஸ்டஸ் மன்னனுக்குக் கோயில் கட்ட அனுமதி கிடைத்தது. சிமிர்னாவில் திபேரியு மன்னனுக்குக் கோயில் இருந்தது. எபேசில் 89, 90ஆம் ஆண்டுகளில் டொமிஷியனின் குடும்பத்துக்குப் பெரிய கோயில் திறக்கப்பட்டது. இந்தக் கோயில்களை நடத்தியவர்கள் ரோமாபுரியில் இருந்து வந்தவர்கள் அல்லர். உள்ளூர்ப் பெரிய மனிதர்கள். மன்னனைத் தெய்வமாக்கினால் தங்களுக்குப் பதவியும் செல்வாக்கும் கிடைக்கும் என்று போட்டி போட்டவர்கள்.

மறுத்தவர்கள் கதி என்ன? 112ஆம் ஆண்டு வாக்கில், கருங்கடல் கரையில் ஆளுநராக இருந்த பிளினி, டிராஜன் மன்னனுக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. கிறிஸ்தவர் என்று சந்தேகிக்கப்பட்டவர்களை மன்னன் சிலைக்கு முன் நிறுத்தி, சாம்பிராணியும் மதுவும் படைக்கச் சொன்னதாக அவரே எழுதுகிறார். மறுப்பதில் உறுதியாக நின்றவர்களைத் தண்டனைக்கு அனுப்பினார். உண்மையைக் கறக்க, சபையில் பணி செய்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்தார்.

ஆகவே யோவானின் மொழியில் போலித் தீர்க்கதரிசி என்பவன், தேதியைத் தவறாகச் சொன்ன சோதிடன் அல்ல. தெய்வத்துக்கு உரிய இடத்தில் அதிகாரத்தை உட்கார வைத்து, அதற்கு மக்களைத் தலைவணங்க வைப்பவன். ஆட்டுக்குட்டி போலத் தோற்றம், நாகம் போலப் பேச்சு. அடையாளம் அதுதான்.

யோவான் வெளியில் இருந்தவர்களை மட்டும் சாடவில்லை. தியத்தீரா சபைக்குள்ளேயே ஒரு பெண் தன்னைத் தீர்க்கதரிசி என்று சொல்லிக்கொண்டார். யோவான் அவருக்கு 'யேசபேல்' என்று பழைய இஸ்ரேல் அரசியின் பெயரைச் சூட்டுகிறார். சிலைகளுக்குப் படைத்ததைச் சாப்பிடலாம் என்று அவர் போதித்தாராம். தியத்தீரா ஒரு தொழில் நகரம். சாயம் போடுவோர், பித்தளை வேலை செய்வோர் என்று ஒவ்வொரு தொழிலுக்கும் சங்கம் உண்டு. சங்க விருந்து என்றால் அங்கே படையலும் இருக்கும். போகாவிட்டால் தொழில் போகும். போனால் மனச்சாட்சி உறுத்தும். அந்தப் பெண் சொன்னது பிழைக்கும் வழி என்று சிலருக்குத் தோன்றியிருக்கலாம். அவர் தரப்பு வாதம் நமக்குக் கிடைக்கவில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

மூன்றாம் நாள் தங்கினால் போலி!

சரி, சாதாரண மக்கள் போலியை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? இதற்கு அருமையான சான்று ஒன்று உண்டு. 'திதாக்கே' என்பது பழைய கிறிஸ்தவக் கையேடு. 1ஆம் நூற்றாண்டின் இறுதியிலோ 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுதப்பட்டது. அதன் முழுப் படியை 1873இல் கான்ஸ்டான்டிநோபிளில் பிலோத்தியோஸ் பிரையேனியோஸ் என்பவர் கண்டெடுத்து, 1883இல் வெளியிட்டார்.

அக்காலத்தில் ஊர் ஊராகச் சுற்றும் போதகர்கள் பலர் இருந்தார்கள். அவர்களை அளக்கும் கோல் இந்த நூலில் இருக்கிறது. வருபவரை மரியாதையோடு வரவேற்க வேண்டும். ஒரு நாள் தங்கலாம். தேவையானால் இரண்டு நாள். மூன்றாம் நாளும் தங்கினால் அவர் போலி. புறப்படும்போது அடுத்த ஊர் வரைக்கும் ரொட்டி மட்டும் கொடுக்கலாம். காசு கேட்டால் போலி. அருள் வந்தவர் போல விருந்து வைக்கச் சொல்லி, அதைத் தானே சாப்பிட்டால் போலி. ஊருக்கு உபதேசம் சொல்லி, தான் அதன்படி நடக்காவிட்டாலும் போலி. ஆனால் ஏழைகளுக்காகக் கேட்டால் அவரைக் குறை சொல்லக் கூடாது.

கவனித்தீர்களா? அவர் கண்ட கனவு உண்மையா, சொன்ன எண் சரியா என்ற ஆராய்ச்சியே இல்லை. நடத்தையைப் பார், பணத்தைப் பார். அவ்வளவுதான். 2ஆம் நூற்றாண்டில் ரோமாபுரியில் எழுதப்பட்ட 'ஹெர்மாவின் மேய்ப்பர்' என்ற நூலும் இதையே சொல்கிறது. கூலி வாங்கிக்கொண்டு, தனியே அழைத்து, கேட்பவர் மனம் விரும்புவதையே சொல்பவன் போலி என்கிறது.

நிலத்தை விற்றவர்கள்

இந்த அளவுகோலைத் தாண்டியும் ஆபத்து வரும் என்பதற்கு, 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹிப்போலித்து என்ற அறிஞர் இரண்டு நிகழ்ச்சிகளைப் பதிவு செய்திருக்கிறார்.

சிரியா நாட்டில் ஒரு சபைத் தலைவர், கிறிஸ்துவை எதிர்கொள்ளப் போகிறோம் என்று சொல்லி, மக்களைப் பெண்டு பிள்ளைகளோடு பாலைவனத்துக்கு அழைத்துப் போனார். அவர்கள் மலைகளில் வழி தெரியாமல் அலைந்தார்கள். கொள்ளைக் கூட்டம் என்று நினைத்து ஆளுநர் அவர்களைக் கொல்லவே பார்த்தார். ஆளுநரின் மனைவி கிறிஸ்தவப் பெண்; அவர் வேண்டிக்கொண்டதால் உயிர் தப்பினார்கள்.

இரண்டாவது நிகழ்ச்சி கருங்கடல் பக்கம் பொந்து என்ற பகுதியில் நடந்தது. அங்கிருந்த தலைவர் கெட்டவர் அல்லர். பக்தியும் பணிவும் உள்ளவர். ஆனால் கண்ட கனவுகளை அளவுக்கு மீறி நம்பினார். இன்னும் ஓராண்டில் நியாயத் தீர்ப்பு வரும், வராவிட்டால் வேதத்தையே நம்பாதீர்கள் என்று சொல்லிவிட்டார். மக்கள் பயிர் செய்வதை நிறுத்தினார்கள். பலர் உடைமைகளை விற்றார்கள். ஆண்டு முடிந்தது. ஒன்றும் நடக்கவில்லை. விற்றவர்கள் கையேந்தி நின்றார்கள்.

இதை எழுதிய ஹிப்போலித்துவும் ஒரு கணக்கு வைத்திருந்தார். உலகம் படைக்கப்பட்டு 6,000 ஆண்டில் முடியும் என்று எண்ணி, அது கி.பி. 500 வாக்கில் வரும் என்றார். ஆனால் அந்தக் கணக்கின் நோக்கம் வேறு. இன்னும் 300 ஆண்டு இருக்கிறது, போய் வயலைப் பாருங்கள் என்று மக்களின் பதற்றத்தைத் தணிப்பதாகவே அது அமைந்தது.

இதற்கு முன்பு, 2ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பிரிகியா பகுதியில் மொந்தானு என்பவரும் பிரிஸ்கில்லா, மாக்சிமில்லா என்ற இரு பெண்களும் ஓர் இயக்கம் தொடங்கினார்கள். பெப்பூசா என்ற சிற்றூரையே எருசலேம் என்றார்கள். தனக்குப் பிறகு தீர்க்கதரிசி கிடையாது, முடிவுதான் வரும் என்றார் மாக்சிமில்லா. அவர் இறந்து 13 ஆண்டுக்கு மேல் ஆகியும் அவர் சொன்ன போர் வரவில்லையே என்று எதிர்த்தரப்பினர் எழுதினார்கள். பணம் வசூலிக்க ஆள் வைத்தார்கள் என்றும் குற்றம் சாட்டினார்கள். தீர்க்கதரிசி தலைக்குச் சாயம் பூசுவானா, பகடை ஆடுவானா, வட்டிக்கு விடுவானா என்று ஒருவர் கேட்ட கேள்வி இன்றும் சுவையாக இருக்கிறது. இவை எதிரிகளின் எழுத்து என்பதால் அப்படியே ஏற்க முடியாது. தெர்த்துல்லியன் போன்ற பேரறிஞரே அந்த இயக்கத்தில் சேர்ந்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மூன்று நாள் கலந்துரையாடல்

இந்தக் குழப்பங்களால் யோவானின் நூலே வேண்டாம் என்று சொல்லும் நிலை வந்தது. அப்போது எகிப்தில் ஒரு நல்ல காரியம் நடந்தது. 3ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. நேப்போஸ் என்ற ஆயர், நூலில் வரும் ஆயிரம் ஆண்டு ஆட்சி அப்படியே பூமியில் நடக்கும் என்று எழுதி வைத்திருந்தார். அவர் இறந்த பிறகு அவர் நூலை வைத்துக் கிராமம் கிராமமாகச் சபைகள் பிளந்தன.

அலெக்சாந்திரியாவின் ஆயர் தியோனீசியு அங்கே நேரில் போனார். அதிகாரம் காட்டவில்லை. கிராமத்துப் போதகர்களை அழைத்து, மூன்று நாள், காலை முதல் மாலை வரை உட்கார்ந்து பேசினார். இறந்துபோன நேப்போசின் பக்தியையும் உழைப்பையும் பாராட்டிவிட்டே மறுப்புச் சொன்னார். எதிர்த்தரப்பினர் கேட்ட கேள்விகளையும், வாதம் சரியாக இருந்தால் கருத்தை மாற்றிக்கொள்ளத் தயங்காத அவர்கள் பண்பையும் அவரே புகழ்ந்து எழுதியிருக்கிறார். கடைசியில் மறுதரப்பின் தலைவர் கொராக்கியோன் இணங்கினார். சபை ஒன்றானது.

தியோனீசியு யோவானின் நூலைத் தூக்கி எறியவும் இல்லை. எனக்கு எட்டாத பொருள் அதில் இருக்கலாம் என்றார். அவருக்கு முன்பே, 180 வாக்கில், இரேனேயு என்ற ஆயர் 666க்குப் பொருந்தும் பெயர்கள் சிலவற்றைச் சொல்லிப் பார்த்துவிட்டு, இதில் அடித்துச் சொல்வது ஆபத்து என்று நிறுத்திக்கொண்டார். அந்த அடக்கம் பின்னால் வந்த பலருக்கு இல்லாமல் போனது.

நம் காலத்தில்

1992 அக்டோபர் 28ஆம் தேதி விசுவாசிகள் விண்ணுக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள் என்று தென்கொரியாவில் லீ ஜாங் ரிம் என்ற போதகர் பிரசாரம் செய்தார். மக்கள் வேலையை விட்டார்கள், வீட்டை விற்றார்கள். அந்த நாளுக்கு முன்பே அவர் மோசடிக் குற்றத்துக்காகக் கைது செய்யப்பட்டார். குறித்த தேதிக்குப் பிறகு முதிர்வடையும் கடன் பத்திரங்களை அவர் வாங்கி வைத்திருந்தது தெரிய வந்தது. அமெரிக்காவில் ஹெரால்ட் கேம்பிங் 2011 மே 21 என்று தேதி குறித்தார். நடக்காமல் போகவே, அடுத்த ஆண்டு தம் கணிப்புத் தவறு என்று ஒப்புக்கொண்டார்.

அந்த நாளும் நேரமும் ஒருவருக்கும் தெரியாது என்று இயேசுவே கூறியதாக நற்செய்தி நூல்கள் சொல்கின்றன. வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டே தேதி குறித்தவர்கள் இந்த இடத்தை மட்டும் தாண்டிப் போனார்கள்.

நேயர்களே, இது ஒரு சமயத்துக்கு மட்டும் உரிய பாடம் அல்ல. எந்தப் பெயரிலும், எந்த உடையிலும் இப்படிப்பட்டவர்கள் வரலாம். புதிர்களையும் எண்களையும் காட்டிப் பயமுறுத்தும் ஒருவர் உங்கள் வீட்டு வாசலுக்கு வந்தால், அவர் சொல்லும் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அவர் யாருக்கு முன்னால் உங்களைத் தலைகுனியச் சொல்கிறார்? உங்களிடம் எதை விற்கச் சொல்கிறார்? விற்ற பணம் யார் கைக்குப் போகிறது? மற்றவருக்குச் சொன்னபடி அவர் நடக்கிறாரா? இந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள். ஏழு ஊர்களின் எளிய மக்களுக்கு எழுதப்பட்ட கடிதமும், ரொட்டிக்கும் காசுக்கும் கணக்கு வைத்த அந்தப் பழைய கையேடும் நமக்கு விட்டுச் சென்ற அளவுகோல் இதுதான்.